என் அறையில் நின்ற ஹெலிகொப்டர்

தலாக் சொல்லிவிட்டுப் போன மனிசன் சாரம், சேட்டு, முகம் மழிக்கிற மெஷின், அரைவாசி தீர்ந்த அத்தர்க் குப்பி எல்லாவற்றையும் இரண்டு பேக்கில் அடைத்துக்கொண்டு போனார். கொண்டுபோக முடியாத ஒன்றை மட்டும் என் அறையில் விட்டுவிட்டுப் போனார். அது ஒரு இரும்புக் கதிரை.

கதிரை என்றால் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற கதிரை இல்லை. கொம்பியூட்டரில் போர் ஹெலிகொப்டர் ஓட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. நாற்பது வயது ஆம்பிளைகள் விளையாடுகிற விளையாட்டு. அதற்காக வெல்டிங்காரரைக் கூட்டிவந்து, என் அறைக்குள்ளேயே வைத்து, என் சுவரெல்லாம் கரியாக்கி, அந்தக் கதிரையை ஒட்டுவித்தார். வலது கைக்கு ஒரு ஸ்டிக், இடது கைக்கு ஏற்றி இறக்குகிற ஒரு லீவர், காலடியில் இரண்டு பெடல், முன்னால் மூன்று திரை. உள்ளே வைத்துச் செய்ததால் அது வெளியே போகாது. வாசலைவிட அகலம். வாசல் நிலையைக் கழற்றினால் போகும். அது என் வாப்பா முதிரை மரத்தில் போட்ட நிலை. அதில் கைவைக்க நான் விடவில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கோபித்துக்கொண்டு பேக்கைத் தூக்குகிறவரும் அவர்தான். இவருக்கோ போக ஒரு தாய்வீடு கூட இல்லை. அந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது. தங்கச்சியின் ஹோலில், அவள் புருஷனின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். நல்லா வேணும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் பிரிவுக்குக் காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிள்ளை இல்லாததைச் சொல்வார்கள். அதைப் பற்றி ஊர் கதைத்தது போதும், நான் கதைக்கப்போவதில்லை. உண்மையான காரணம் அயன் பெட்டி. நான் வீட்டில் தையல் செய்கிறவள். ஒரு பிற்பகல் கலியாணப் பெண்ணொருத்தியின் உடுப்பை அயன் பண்ணினேன். தையல் மெஷின், அயன், அவருடைய கொம்பியூட்டர் மூன்றும் ஒன்றாக ஓட, ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. அவர் அந்த நேரம் புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பாடம் சொல்லி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தாராம். அறையை விட்டு வெளியே வந்தார்.

"உனக்கு மண்டைக்குள்ள என்னதான் இரிக்கு?"

பத்து வருஷமாகக் கேட்ட கேள்விதான். சோறு அடிப்பிடித்தால் அதே கேள்வி, ஸ்கூட்டி கேட்டில் உரசினால் அதே கேள்வி. அன்றைக்கு எனக்கு வாய் நிற்கவில்லை.

"மண்டைக்குள்ள ஏதும் இரிந்திருந்தா உங்களக் கட்டி இரிப்பனா?"

அவ்வளவுதான். ஏதோ அலுவலாக வந்து எங்கள் ஹோலில் இருந்த அவர் தங்கச்சியின் புருஷன் அதைக் கேட்டுவிட்டார். அந்தாள் சிரித்தும்விட்டார். என் சொல்லை மனிசன் பொறுத்திருப்பார், அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. விஷயம் கலியாண வழக்குத் தீர்க்கிற காழியார் வரைக்கும் போனது. இரண்டு பேரும் உட்கார்ந்து கதையுங்கள் என்று அவர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. ஒரு தலாக் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு தலாக் என்றால் கயிறு முழுதாக அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று மாதவிலக்குக் கழியும்வரை நான் இத்தா இருக்க வேண்டும், வீட்டோடு இருக்க வேண்டும். அதற்குள் அவர் நினைத்தால் "திருப்பி எடுக்கன்" என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை மனைவியாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்கத் தேவையில்லை. இத்தா கழிந்துவிட்டால் அந்த வார்த்தை செல்லாது. பிறகு என் சம்மதத்தோடு புதிதாக நிக்காஹ்தான்.

உம்மா அந்த வார்த்தைக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தா. நான் அதற்குப் பயந்துகொண்டிருந்தேன். பாயில் படுக்கிற மனிசனுக்கு முதுகு வலிக்கும், அறை வேண்டும், இந்த இரும்புக் கதிரை வேண்டும். கதிரை வாசலால் போகாது. அப்போ மனிசன் உள்ளே வரவேண்டும். உள்ளே வர ஒரே வழி அந்த வார்த்தை. எனக்காக அந்த வார்த்தையைச் சொன்னால் யோசிக்கலாம். ஒரு கதிரைக்காகச் சொல்லி, அதற்குப் பிறகு நான் அந்தக் கதிரையோடு சேர்த்து எடுக்கப்பட்ட சாமானாகக் காலம் தள்ளுவதா? அல்லாஹ் மேல் ஆணையாக எனக்கு அது வேண்டாம்.

வீட்டோடு கிடந்து எனக்கு விசர் பிடிக்கப் பார்த்தது. ஒருநாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு, திருகாணி கழற்றுகிற குறட்டை எடுத்துக்கொண்டு, அதைத் துண்டு துண்டாகக் கழற்றி எறியலாம் என்று அறைக்குள் போனேன். வெல்டிங் எங்கே கழலும்? கோபத்தில் கதிரையிலேயே குந்திவிட்டேன். கை பட்டு கொம்பியூட்டர் உயிர் பெற்றது. விளையாட்டைத் திறந்தால் அது அவருடைய பட்டப்பெயரிலேயே திறந்தது. பாஸ்வேர்ட் கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் அவர் எத்தனை தரம் பறந்தார், எத்தனை தரம் விழுந்தார் என்று கணக்கு. விழுந்த கணக்கு மிகக் கொஞ்சம். அதைக் காட்டித்தான் அவர் இணையத்தில் பாடம் எடுக்கிற பெரிய 'சேர்' ஆகியிருந்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே மனம் குளிர்ந்தது. இழுத்தேன் லீவரை. ஹெலிகொப்டர் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, குப்புற விழுந்து தீப்பிடித்தது. விழுந்த கணக்கில் ஒன்று கூடியது. மறுபடி இழுத்தேன். மறுபடி விழுந்தது. அன்று பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை அவர் பெயரில் ஹெலிகொப்டர்களை வரிசையாகக் கொளுத்தினேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சத்தம் கேட்டு உம்மா ஓடிவந்தா. இந்தக் கரையில் அந்த வயதுக்காரர்களுக்கு ஹெலிச் சத்தம் கேட்டால் இன்னும் கண் ஒளிக்க இடம் தேடும். யுத்த நேரம் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த காலம் அவர்களுக்கு மறக்கவில்லை.

"என்னகா இது? நீயும் அந்த ஆளப் போல பைத்தியமாகிட்டியா?"

"அவர்ட பேரக் கெடுக்கன் உம்மா."

"இத்தாவுல இரிக்கிற பொம்புள செய்யிற வேலையா இது? ஓதுற கிதாப எடுத்து ஓது."

ஓதினேன். ஓதி முடித்துவிட்டு வந்து மறுபடியும் விழுத்தினேன்.

ஆனால் ஒரு கிழமை போவதற்குள் விழுத்துவது அலுத்துப்போனது. தெரியாமல் விழுவதற்கும் வேண்டுமென்று விழுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே, எனக்குத் தெரிந்ததோ முதலாவது மட்டும்தான். நிறுத்தி வைக்க நினைத்தாலும் அது நிற்காமல் வலப்பக்கம் சுழன்றுகொண்டே விழுந்தது. கேவலம் ஒரு விளையாட்டுச் சாமான், அது என்னை வெல்வதா? போனை எடுத்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அவர் செய்த வீடியோக்களையே போட்டுப் பார்த்தேன்.

அந்த வீடியோவில் கதைக்கிற மனிசனை எனக்குத் தெரியாது. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளைப்போல அப்படி ஒரு நிதானம்.

"பதறாதீங்க. விழுந்தாப் பரவாயில்ல, எல்லாரும் விழுறதுதான். ஸ்டிக்க இறுக்கிப் பிடிக்க வேணாம், ரெண்டு விரல் போதும். கிட்டத் தரையப் பாக்க வேணாம், தூரத்துல ஒரு மரத்தப் பாருங்க. சுடுற துவக்கு, ரொக்கட் ஒன்டையும் இப்ப தொடாதீங்க. முதல்ல ஒரு இடத்துல நிக்கப் பழகுவம்."

முகம் தெரியாத யாரோ யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருந்து கேட்கிற மொக்குக் கேள்விக்கெல்லாம், நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்று பதில். எனக்கு எரிந்தது. இந்த வாயில் இப்படியும் ஒரு குரல் இருந்ததா? பத்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன், அதில் ஒரு சொட்டு என் பக்கம் சிந்தவில்லையே. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடித்தால் பாடம் நின்றுவிடும் என்பதால் அடிக்கவில்லை.

ஒரு வீடியோவில் நேராகக் கீழே இறங்குவதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். வேகமாகச் செங்குத்தாக இறங்கினால் ஹெலிகொப்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளுமாம். அப்போது பயந்து லீவரை இழுத்தால் இன்னும் கெதியாக விழுமாம். இழுக்காமல் மூக்கை முன்னால் தள்ளி அந்தக் காற்றை விட்டு வெளியே போக வேண்டுமாம். நல்ல பாடம்தான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "சோறு ஆறுது, வாங்களன்" என்றது. என் குரல்.

அவர் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு அந்த நிதானமான குரலில் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க. வெளிச் சத்தம்."

அந்த இடத்தைப் பின்னால் இழுத்து இழுத்து எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. என் வீடு, என் அறை, என் கரண்டு, என் கையால் ஆக்கிய சோறு. நான் வெளிச் சத்தம். அன்றைக்கு அழுதேன். அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு கதிரையில் ஏறினேன். இனி இவரை விட நன்றாக ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். அது தவிர வேறு பழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என் சுழற்சிக்குக் காரணத்தை அவருடைய எந்த வீடியோவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அது தையற்காரிக்கு மட்டும் வருகிற கால் வருத்தம். லீவரை ஏற்றினால் அந்த ஹெலிகொப்டரின் மூக்கு வலப்பக்கம் ஓடும். இடது பெடலை மெல்ல அமர்த்தி அதை நேராக்க வேண்டும். நானோ இத்தனை வருஷமாகத் தையல் மெஷினை வலது காலால் மட்டும் மிதித்தவள். வேகம் வேண்டும் என்றால் என் வலது கால் தானாக அமரும், பயம் வந்தால் தானாக எழும்பும். இடது கால் சும்மா கிடக்கும். எழும்ப நினைக்கிற ஒவ்வொரு முறையும் நான் வலது பெடலை மிதித்து, ஏற்கெனவே வலப்பக்கம் ஓடுகிறதை இன்னும் வலப்பக்கம் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

கண்டுபிடித்த அன்றே தையல் மெஷினின் பெடலை இடப்பக்கம் தள்ளி வைத்தேன். இடது காலால் தைக்கப் பழகினேன். முதல் இரண்டு சட்டைக்குத் தையல் பாம்பு போல ஓடியது. பிரித்துத் தைத்தேன். பிறகு இடது கால் வழிக்கு வந்தது. ஒரு நூல் அளவு மிதி, அரை நூல் அளவு மிதி என்று என் காலுக்குத் தெரிந்த கணக்கு எல்லாம் அந்தக் காலுக்கும் இறங்கியது. ஒரு பிற்பகல் ஹெலிகொப்டர் எழும்பியது, மூக்கு ஆடவில்லை, தூரத்து மரத்தைப் பார்த்தேன், அது அப்படியே காற்றில் நின்றது. யா அல்லாஹ், நின்றது! பக்கத்தில் சொல்லிக்காட்ட ஒரு ஆள் இல்லையே என்று அந்த நேரம் கோபம் வந்தது.

அவருடைய கூட்டாளிகள் பின்னேரங்களில் வருவார்கள். நான் குரல் கொடுப்பதில்லை. அவர்கள் எழுத்தில் கேட்பார்கள். முதலில் "சேர், சுகமில்லையா, ஏன் இப்படி விழுறீங்க" என்றார்கள். பிறகு "சேர், இப்ப இறங்குறது முந்தியவிட நல்லா இரிக்கு" என்றார்கள். அந்த வரியைப் பார்த்து எனக்கு ஒரு வட்டில் சோறு கூடுதலாகச் சாப்பிட்டது போல இருந்தது.

இதற்கிடையில் மூன்றாவது மாதவிலக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் இத்தா கழிந்துவிடும். உம்மாவின் துஆ நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் அவர் யாரிடமோ ஒரு லெப்டொப்பைக் கடன் வாங்கி, தங்கச்சி வீட்டில் வைத்து விளையாட்டைத் திறந்திருக்கிறார். அதே பெயரில் ஒரு ஆள் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறார் என்று அது அவரை வெளியே தள்ளிவிட்டது. உடனே உம்மாவின் போனுக்கு அழைப்பு. வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வருகிறாராம், கதைக்க வேண்டுமாம்.

"சொல்லப் போறாரு மகள். என்ட மனம் சொல்லுது" என்றா உம்மா. கண்ணெல்லாம் தண்ணீர். "வாயக் காட்டாத. நான் இனிப்புக்கு வட்டிலாப்பம் வைக்கன்."

வெள்ளிக்கிழமை காலையில் தச்சரை வரச்சொல்லி வாசல் நிலையைக் கழற்றுவித்தேன். சுவர் பெயர்ந்து சீமெந்தும் கல்லும் அறையெல்லாம் கொட்டியது. உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டா.

"உங்கட வாப்பா போட்ட நிலைடி! உனக்கு என்ன வந்த?"

"கதிர போறதுக்கு வழி உம்மா. இனி அவரு அந்த வார்த்தையச் சொன்னா, கதிரைக்காகச் சொல்லல்ல என்டு தெரியும்."

உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. குசினிக்குப் போய்த் தேங்காய் திருவத் தொடங்கினா.

அவர் தங்கச்சி புருஷனின் மோட்டார் சைக்கிளில், அந்தாளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். சேட்டு அயன் பண்ணியிருக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாவம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"ஆர் என்ட பேருல விளையாடுற?"

"நான்தான்."

"நீயா?" சிரித்தார். "ஸ்கூட்டிய ஒழுங்கா கேட்டுக்குள்ளால ஏத்தத் தெரியாத நீயா?"

நான் போய்க் கதிரையில் ஏறினேன். அவர் பின்னால் வந்து நின்றார். ஏற்றினேன். நிறுத்தினேன். கப்பலின் மேல்தட்டு ஒன்று இருக்கிறது, ஆடிக்கொண்டே இருக்கும், அதில் இறக்குவதுதான் அவருடைய பெருமை. அதை நோக்கிப் போனேன். அவர் முதலில் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். பிறகு, கப்பல் கிட்ட வர வர, பழைய மனிசன் வெளியே வந்தார்.

"கால், கால்! லீவர இறக்கு! இறக்கென்டு சொல்றன்! மண்டைக்குள்ள என்ன இரிக்கு உனக்கு?"

இடது காலை அரை நூல் அளவு தளர்த்தினேன். இறக்கினேன். சக்கரம் மூன்றும் தட்டில் பட்டு நின்றது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வீடியோவுல கதைக்கிற மாதிரி என்னோட ஒரு தரம் கதைங்க."

அவருக்கு விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"அது படிக்க வாற ஆக்களுக்கு. அது வேற."

"ஓம், வேறதான்" என்று இறங்கினேன்.

அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார். வரும்போது பார்த்திருக்கவில்லை போலும். நிலை இல்லை, அகலமான ஒரு பொந்து. அவர் கண் கதிரைக்குப் போனது, பொந்துக்குப் போனது, மறுபடி கதிரைக்குப் போனது. கையை விரித்து அளந்தார்.

"மச்சான், இதால போகும் என்ன?" என்று தங்கச்சியின் புருஷனைக் கேட்டார். "உங்கட கடைக்குப் பின்னால வைக்கலாம். லொறிக்காரனுக்கு ஒரு கோல் அடிங்க."

அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர், லொறி கொண்டுவரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் வாசலைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

லொறி வந்ததும் நான்கு பேர் பிடித்துக் கதிரையைத் தூக்கினார்கள். சுவரில் உரசாமல் போனது. திரைகளை அவரே பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். உம்மா குசினியில் வட்டிலாப்பத்தைத் தட்டில் வெட்டி வைத்துக்கொண்டு, காதை மட்டும் வெளியே விட்டிருந்தா. லொறி ஸ்டார்ட் ஆனது. ஆனால் அவர் ஏறவில்லை. கேட்டைத் தாண்டியவர் நின்றார், திரும்பினார், முற்றத்தைக் கடந்து என்னிடம் வந்தார்.

"இஞ்ச" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டார்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று பயந்துகொண்டிருந்த அந்த வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது வரட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் என் மனம் முழுக்க ஆசைப்பட்டது. கதிரை லொறியில் இருந்தது. இனி வந்தால் அது எனக்காகத்தான்.

"சொல்லுங்க."

"மேசைக்குக் கீழ கறுப்பு வயர் ஒன்டு கிடக்கும். எடுத்துத் தா."

எடுத்துக் கொடுத்தேன். சுருட்டிக்கொண்டு போனார். அந்தக் கிழமையிலேயே என் இத்தா கழிந்தது. வார்த்தை வரவில்லை. நான் விடுபட்டேன், நான் கேட்டதும் அதைத்தான். ஆனாலும் அந்த வயரால் அவர் கழுத்தை நெரித்திருக்க வேண்டும் என்ற கோபம் இன்றுவரை ஆறவில்லை.

லொறிச் சத்தம் தேய்ந்ததும் உம்மா வட்டிலாப்பத் தட்டோடு வெளியே ஓடிவந்தா. முற்றத்தில் என்னைத் தனியே கண்டு நின்றா.

"கிறுகித் திரும்பி வந்தாரே மகள், என்ன சொன்னாரு? சொல்லிட்டாரா?"

"ஓம் உம்மா" என்றேன். "வயர எடுத்துத் தரச் சொன்னாரு."